சம்பந்தியம்மாவின் முட்டி

திண்டிவனம்
27.1.2025

சம்பந்தியம்மா அஞ்சம்மாள் அவர்களுக்கு,

லட்சுமியம்மாள் எழுதுவது. போனில் நான் வாயைத் திறந்தாலே கட் பண்ணிவிடுகிறீர்கள். முந்தாநாள் இரண்டு முறை அப்படித்தான் செய்தீர்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் முதலில் பிரிக்க வேண்டும். பிரித்தால் கண் சும்மா இருக்காது, நாலு வரியாவது படித்துவிடும்.

போனில் பாதியில் நின்றதை இங்கே முழுசாகச் சொல்கிறேன். எங்கள் தெரு சீனுவாசன், தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர் பார்ப்பவர், போன புதன்கிழமை விழுப்புரத்தில் வேலை இருக்கிறது என்று கிளம்பினார். உங்கள் சாலாமேடு பக்கம்தான் என்றதும் என் மகளுக்கு, எங்கள் நிலத்து வேர்க்கடலையில் பிடித்த ஒரு பை மல்லாட்டை உருண்டை கொடுத்தனுப்பினேன். மனுஷன் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"எக்கா, பெல்லை அழுத்திக்கினே நின்னேன், யாரும் தொறக்கல. ஜன்னல் வழியா பார்த்தா உம் பொண்ணு முதுகைக் காட்டிக்கினு, முட்டி போட்டுத் தரையைத் துடைச்சிக்கினு இருக்குது. பொங்கலுக்கு இங்க வந்தப்ப போட்டிருந்துச்சே ஒரு பூப்போட்ட நைட்டி, அதேதான். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, வந்துட்டேன்" என்றார்.

சம்பந்தியம்மா, என் கலைப்பிரியா கணக்கு டீச்சர். நூறு பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற பெண். அவளை முட்டி போட்டுத் தரை துடைக்க வைக்கத்தானா உங்கள் வீட்டுக்கு அனுப்பினோம்? கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாப்பிள்ளை செல்வகுமாரைப் பற்றியும் எனக்கு ஒரு குறையும் இல்லை. டிப்போவில் அத்தனை பஸ்ஸையும் கட்டி மேய்க்கிறார், பாவம், வீட்டில் நடப்பது அவருக்கு எங்கே தெரியப் போகிறது.

பதில் எழுதுங்கள். எழுதவில்லை என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நானே வந்து என் மகளை அழைத்துக்கொண்டு போவேன். இந்தக் கடிதம் பிள்ளைகள் இருவருக்கும் தெரிய வேண்டாம். சண்டை நமக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கி. லட்சுமியம்மாள்


விழுப்புரம்
31.1.2025

திண்டிவனம் சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. எங்கள் வீட்டில் குப்பை போட எனக்கு மனசு வராது.

புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒரு கணக்கு டீச்சர் எங்கே இருப்பாள் என்று நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். சீனுவாசன் பார்த்தது என் முதுகு. அந்தப் பூப்போட்ட நைட்டி உங்கள் மகள் எனக்குக் கொடுத்தது. "வீட்டுக்குள்ள இதைப் போட்டுக்கங்க அத்தை, காத்தோட்டமா இருக்கும்" என்றாள். என் வயதுக்கு அது சரியா என்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது திண்டிவனம் வரைக்கும் சேதி போய்விட்டது.

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். நீங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வந்தபோது பார்த்தீர்கள், ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் தரை எங்கே தெரிந்தது? வெள்ளை டைல்ஸில் ஒரு தலைமுடி விழுந்தால்கூடப் பாம்பு மாதிரி தெரியும். நின்றுகொண்டு மாப்பு போட்டால் அழுக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டி போட்டு, துணியைப் பிழிந்து, கையால் துடைத்தால்தான் தரை தரையாக இருக்கும். காலையில் ஒரு தடவை, அவர்கள் வேலைக்குப் போன பிறகு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைக்கிறேன். மழை பெய்தால் கணக்கு இல்லை. துடைப்பது நான். தரைத்துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட உங்கள் மகளுக்குத் தெரியாது.

பெல் அடித்தது எனக்குக் கேட்டது. எழுந்து வருவதற்குள் அவர் போய்விட்டார். இப்போதெல்லாம் முட்டியிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தாராளமாக வரலாம். ஆனால் அழைத்துக்கொண்டு போவதற்கு இங்கே யாரும் கஷ்டப்படவில்லை. மல்லாட்டை உருண்டை நன்றாக இருந்தது. வெல்லம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இப்படிக்கு,
அஞ்சம்மாள்


திண்டிவனம்
4.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கிருஷ்ணசாமி, "இன்னா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். அவருக்கு என் சத்தம் கேட்காவிட்டால் அப்படித்தான் தோன்றுமாம்.

நான் அவசரப்பட்டது உண்மை. மன்னிப்பு என்கிற வார்த்தையை எழுதிப் பார்த்தேன், கை கோணுகிறது. அதனால் ஒரு படி மல்லாட்டை தனியாக அனுப்புகிறேன். வெல்லம் நீங்களே உங்கள் இஷ்டத்துக்குப் போட்டு உருண்டை பிடித்துக்கொள்ளுங்கள். சீனுவாசனிடமும் பேசிவிட்டேன். இனிமேல் யார் முதுகையும் பார்த்துப் பேர் சொல்ல மாட்டார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் மெதுவாக நழுவவிட்டிருக்கிறீர்கள். எழுந்திருக்க நேரம் பிடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? நேற்று கலைக்கு போன் போட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "உங்க அத்தை எப்படி இருக்காங்க?" என்றேன். "வலது முட்டி மேல எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கியிருக்குதும்மா. டாக்டர்கிட்ட போலாம்னா கேக்க மாட்டேன்றாங்க. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு புடவைத் தலைப்பால மூடிக்கிறாங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்ட சகாயராஜுக்கும் இப்படித்தான் வந்தது. நாள் முழுக்க முட்டி போட்டே வேலை செய்கிறவர். முட்டிச் சில்லுக்கு மேலே தண்ணீர் கோத்துக்கொண்டு பந்து மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நாள் முட்டி போடாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்டார், வற்றிவிட்டது. இப்போது முட்டியில் தடியாக ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் உட்காருகிறார். நீங்களும் முட்டி போடுவதை நிறுத்துங்கள்.

பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், செல்வகுமாரை வாங்கி வரச் சொல்லுங்கள். நல்ல மாப்பு. நீளக் கைப்பிடி, வாளியிலேயே சுற்றிப் பிழிந்துகொள்ளும். கடைக்காரன் நூறு தடவை சுற்றிக் காட்டினான்.

இப்படிக்கு,
லட்சுமியம்மாள்


விழுப்புரம்
12.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

பார்சல் வந்தது. செல்வகுமார் அதைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்ததை எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சாமி ஊர்வலத்துக்கு ஏதோ கொண்டுபோகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

உங்கள் மனசுக்காக ஒரு நாள் அதைப் பயன்படுத்தினேன். வாளியில் வைத்துக் காலால் மிதித்தேன். ராட்டினம் மாதிரி சுற்றி என் நைட்டி, சுவர், காலண்டர் எல்லாவற்றிலும் தண்ணீர் தெளித்தது. காலண்டரில் இருந்த முருகனுக்கு அபிஷேகமே ஆகிவிட்டது. அப்புறம் அந்தத் தண்ணீரைத் துடைக்க முட்டி போட வேண்டியதாயிற்று. இப்போது அது பால்கனியில் நிற்கிறது. காக்கா உட்காருகிறது.

பிள்ளைகள் சும்மா இல்லை. சங்கவி என்று ஒரு பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்தார்கள். நல்ல பெண்தான். ஆனால் நாற்காலியைத் தூக்காமல் சுற்றித் துடைத்தாள். அவள் போன பிறகு நான் நாற்காலிக்கு அடியில் துடைப்பேன். ஒரு நாள் மறந்துபோன சாவியை எடுக்கத் திரும்பி வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். "இன்னாம்மா, நான் துடைச்சதையே துடைக்கிறீங்க. அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நேற்று தைப்பூசம். வருஷா வருஷம் மயிலம் மலைக்கோயிலுக்குப் போவேன். இந்தத் தடவை போகவில்லை. கூட்டம் அதிகம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உங்களிடம் பொய் எழுத வரவில்லை. படி ஏற முடியாது என்று தெரிந்துதான் போகவில்லை. முட்டியை மடக்கினால் தோல் இழுக்கிறது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கிறேன். சரியாகிவிடும்.

உங்களுக்கு ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அஞ்சம்மாள்


திண்டிவனம்
15.2.2025

சம்பந்தியம்மா,

உப்பும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்களை யார் துடைக்கச் சொன்னது?

இரண்டு நாளாக இதே யோசனை. ஒரு மனுஷி முட்டி வீங்கிய பிறகும், மாப்பு வந்த பிறகும், வேலைக்கு ஆள் வந்த பிறகும் முட்டி போடுகிறாள் என்றால் யாருக்கோ பயப்படுகிறாள் என்று அர்த்தம். அந்த வீட்டில் உங்களைத் தவிர இருப்பது இரண்டு பேர். உங்கள் மகன் சாப்பிட்ட தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிற பிள்ளை. அப்படியென்றால் மிச்சம் யார்?

நான் என் மகளைக் கேட்டுவிட்டேன். போன மாதம் உங்களைக் கேட்ட அதே வேகத்தில் கேட்டேன். "உங்க அத்தையை இன்னாடி சொன்னே? உன் சம்பளத்துல கட்டின வீடுன்னு குத்திக் காட்டினியா? தரையில தூசு இருக்குதுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சியா?" என்று போனிலேயே பிடித்துவிட்டேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை என்கிறாள். அழுதாள். டீச்சர்கள் அழுதால் உண்மை போலத்தான் இருக்கும், எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

சொல்லுங்கள். தப்பு என் மகள் பேரில் இருந்தால் நான் அவளைச் சும்மா விட மாட்டேன். நான் வளர்த்த பெண்.

லட்சுமியம்மாள்


விழுப்புரம்
19.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் ஒருவரை விட்டால் இன்னொருவரைப் பிடிக்கிறீர்கள். பாவம் அந்தப் பெண், நாலு நாளாகக் கண் வீங்கித் திரிகிறாள். என் முட்டி போதாதா, அவள் கண்ணும் வீங்க வேண்டுமா? தயவுசெய்து உடனே போன் போட்டு அவளிடம் நல்லபடியாகப் பேசுங்கள். அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

இல்லை, சொன்னாள். அதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் போனபோது செல்வகுமார் மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து ரைஸ் மில் களத்தில் நெல் காய வைக்கிற வேலை பார்த்தேன். வெயில் ஏற ஏற நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். இந்த வீட்டுக்கு வந்தபோது, "இனிமே நீங்க வேலைக்குப் போக வேணாம் அத்தை" என்று உங்கள் மகள்தான் நிறுத்தினாள். சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் போய்விட்டால் இந்த வெள்ளை வீட்டில் நான் ஒரு ஆள் எதற்கு இருக்கிறேன் என்று தோன்ற ஆரம்பித்தது. சமையலும் பாதி அவளே முடித்துவிட்டுப் போவாள். துணிக்கு மெஷின் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் அவளோடு வேலை பார்க்கிற டீச்சர்கள் சிலர் வீடு பார்க்க வந்தார்கள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா, "தரையில முகம் பார்க்கலாம் போல இருக்குதே, எப்படிப்பா வேலைக்கும் போய்க்கினு இப்படி வெச்சிருக்கே?" என்று கேட்டார். கலை சொன்னாள், "எல்லாம் எங்க அத்தைதான். அவங்க இல்லன்னா இது வீடாவே இருக்காது."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதைக் கேட்டபோது காபி பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து இரண்டு தடவை துடைத்தது மூன்று தடவை ஆயிற்று. ஒரு நாள் துடைக்காமல் விட்டால் அந்த வார்த்தை என்னை விட்டுப் போய்விடும் போல இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கே சிரிப்பு வருகிறது.

வீக்கத்தின் மேல் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. முந்தாநாள் மண்துகள் ஏதோ குத்திவிட்டது. இன்று சிவந்து, தொட்டால் சுடுகிறது. லேசாகக் குளிருகிறது. பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு வேலை, பஸ் வேலை என்று தலைக்கு மேல் இருக்கிறது. நீங்கள் அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

அஞ்சம்மாள்


பஸ்ஸில்
21.2.2025

சம்பந்தியம்மா,

இந்தக் கடிதம் தபாலில் வராது. நானே கொண்டு வருகிறேன். எழுத்து ஆடினால் டிரைவரைத் திட்டுங்கள், என்னைத் திட்ட வேண்டாம். கூட்டேரிப்பட்டு தாண்டிவிட்டது.

உங்கள் கடிதம் மதியம் வந்தது. சுடுகிறது, சிவந்திருக்கிறது, குளிருகிறது என்று மூன்று வார்த்தையைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். படித்தவுடன் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர், "எங்க போறே?" என்று கேட்டார். "சம்பந்தி வீட்டுக்கு" என்றேன். "மறுபடியும் சண்டையா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

இதைக் கையில் கொடுத்துவிட்டு வாயால் ஒன்றும் பேச மாட்டேன். பேசினால் திட்டிவிடுவேன். நீங்கள் படித்து முடிக்கும்போது ஆட்டோ வாசலில் நிற்கும். நேராக முண்டியம்பாக்கம் பெரிய ஆசுபத்திரி. ஒண்ணுமில்லை என்று ஒரு தடவை சொன்னால்கூட, அந்தப் பால்கனி மாப்பையும் கூட எடுத்துக்கொண்டு வந்து வார்டில் எல்லோருக்கும் காட்டுவேன்.

நான் சிரிக்கவில்லை. கலை சொன்னதை எழுதியிருந்த அந்தப் பத்தியை மட்டும் நாலு தடவை படித்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஊட்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்டார்.

லட்சுமி


விழுப்புரம்
14.3.2025

அண்ணிக்கு,

சம்பந்தியம்மா என்று எழுதப் போய்க் கை அண்ணி என்று எழுதிவிட்டது. அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு வீடு அமைதியாக இருக்கிறது. அளவுக்கு மேல் அமைதியாக இருக்கிறது. முட்டி நன்றாக ஆறி வருகிறது. நேற்று பெரிய டாக்டரம்மாவைப் பார்த்தோம். காயம் காய்ந்துவிட்டது, மாத்திரை முடிந்துவிட்டது என்றார். அன்றைக்கு உங்களிடம் சொன்னதையே எனக்கும் ஒரு தடவை சொன்னார். "முட்டிச் சில்லுக்கு முன்னால ஒரு சின்னப் பை இருக்கும்மா. திரும்பத் திரும்ப முட்டி போட்டா அது உரசி உரசித் தண்ணி கோத்துக்கும். உங்களுக்கு அதுல கிருமியும் போயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பெரிய வேலையா போயிருக்கும்." நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், முட்டி மட்டும் போடக் கூடாது. நீங்கள் அன்றைக்கே பஸ் ஏறி வந்ததால் மிச்சமான அந்த இரண்டு நாளைத்தான் அவர் சொல்கிறார். நேரில் நன்றி சொன்னால் நீங்கள் ஏதாவது கேலி பேசுவீர்கள் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு கோபம் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்று எழுதினேன். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். வார்டில் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சொன்னீர்கள். "இவங்க என் சம்பந்தி. பெரிய வேலைக்காரி. தரையைத் துடைச்சித் துடைச்சி முட்டியை உடைச்சிக்கினாங்க" என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து, டியூப் போட்ட கை வலித்தது.

நீங்கள் கேன்டீனுக்குப் போயிருந்தபோது கலை வந்தாள். உங்களிடம் இதை அவள் சொல்லியிருக்க மாட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னைக்கு சொன்னது உங்களைப் பத்தி அத்தை. நீங்க அதைத் தரையைப் பத்தின்னு எடுத்துக்கினீங்களே" என்றாள். செல்வகுமார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வண்டி எத்தனை என்று எண்ணுகிற மாதிரி இருந்தான்.

இப்போது சாயங்காலம் நடப்பதை எழுதுகிறேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்கும் நேரத்தில் முன்பெல்லாம் நான் தரைத்துணியோடு இருப்பேன். அவள் என் முதுகைப் பார்த்து ஏதோ சொல்வாள், நான் "உம்" கொட்டுவேன். இப்போது முட்டி போட முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்கிறாள். ஹெட்மாஸ்டர் மைக்கை ஆன் பண்ணாமல் பேசியது, ஒரு பையன் கணக்குப் பரீட்சையில் விடை தெரியாமல் மயில் படம் வரைந்து வைத்தது, எல்லாம். சிரிக்கிறாள், கோபப்படுகிறாள், சிலசமயம் அழுகிறாள். நேற்று எனக்கு உடம்பு அசதியாக இருந்து உள்ளே படுத்துவிட்டேன். வந்து எழுப்பி, "நான் யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டாள்.

தரையில் இரண்டு இடத்தில் கறை இருக்கிறது. பார்த்தேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

அஞ்சம்மாள்


திண்டிவனம்
18.3.2025

அண்ணிக்கு,

எனக்கு வயிறு எரிகிறது. இருபத்தெட்டு வருஷம் பெற்று வளர்த்த என்னிடம் அவள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றுகூடச் சொன்னதில்லை. போன் போட்டால், "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, வெக்கட்டுமா?" இவ்வளவுதான். மயில் படம் வரைந்த பையனை எனக்கு ஏன் தெரியாது? இனிமேல் அவள் சொல்வதை எல்லாம் நீங்கள் வாரம் ஒரு தடவை எனக்கு எழுத வேண்டும். ஒன்றும் விடக் கூடாது.

ஒரு விஷயம் உங்களிடம் மறைத்தேன். நீங்கள் ஆசுபத்திரியில் இருந்தபோது ஒரு நாள் காலையில் துணி எடுத்துவர உங்கள் வீட்டுக்குப் போனேன் அல்லவா? தரையில் வெயில் விழுந்திருந்தது. ஒரே ஒரு கால் தடம். ஒன்றே ஒன்று. மாப்பை எடுத்துத் துடைத்தேன், போகவில்லை. குனிந்து பார்த்தேன். அப்புறம் உங்கள் தரைத்துணியைத் தேடி எடுத்து முட்டி போட்டேன். அது போனதும் பக்கத்தில் இருந்த டைல்ஸ் மங்கலாகத் தெரிந்தது. அதையும் துடைத்தேன். ஹால் முழுக்க முடித்துவிட்டு நிமிர்ந்தால் கலை வாசலில் நிற்கிறாள். "ஏம்மா, ஆசுபத்திரியில பக்கத்துக் கட்டிலை உனக்குச் சொல்லி வெக்கட்டுமா?" என்றாள். அந்தத் தரையில் ஏதோ மருந்து இருக்கிறது அண்ணி. உங்களைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது முக்கியமான சேதி. எங்கள் கொல்லிமேட்டு நிலத்தில் மல்லாட்டை பிடுங்க ஆள் வருகிறார்கள். செடியிலிருந்து காய் ஆயும் வேலைதான் நமக்கு. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆயலாம். எங்கள் வீட்டுக்காரர் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலிக்குக் காலை அறுத்து, கீழே சாய்வாக இல்லாமல் சமமாக இருக்கிறதா என்று உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "சம்பந்தியம்மா காலை நீட்டி, முட்டி மடங்காம உக்காரணும்" என்கிறார். அவர் எனக்காக இவ்வளவு செய்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் வர வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள் இல்லை, நன்றாக இருந்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணத்துக்கு வந்ததோடு சரி, அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வேளை சோறு நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வேலை செய்ய வர வேண்டாம், என்னோடு பேச வாருங்கள். வேலை சும்மா கைக்கு.

எங்கள் தரை சிவப்புத் தரை. அழுக்கு தெரியாது. பயப்படாதீர்கள்.

லட்சுமி


விழுப்புரம்
24.3.2025

அண்ணிக்கு,

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். செல்வகுமார் லீவு போட்டுக் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, செஞ்சி ரோட்டில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடிக்க எனக்குத் தெரியும். அவன் அப்பா போன பிறகு நான் தனியாக எந்த ஊருக்கும் தங்கப் போனதில்லை. மில்லில் லீவு கிடையாது. லீவு கிடைத்த பிறகும் எங்கே போவது என்று தெரியாமல் இருந்தது.

பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். அந்த நைட்டியை வைக்கவா வேண்டாமா என்று யோசித்தபோது கலையே மடித்து வைத்துவிட்டாள். முட்டிக்குக் கட்ட ஒரு பட்டையும் வாங்கி வந்தாள். "அங்க போயி கொல்லியில முட்டி போட்டுக் களை எடுத்துக்கினு இருக்காதீங்க" என்று எனக்கும், "அவங்களைக் குனிய விடாதே" என்று போனில் உங்களுக்கும் அவள் உத்தரவு போட்டதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிள்ளைகள் பயப்படுவது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

வீட்டை என்ன செய்வார்கள் என்று ஒரு கவலை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் தரையைத் துடைத்தார்கள். செல்வகுமார் பஸ் கழுவுகிற மாதிரி வாளி வாளியாக ஊற்றினான். கலை மாப்பை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் வழுக்கி வழுக்கிச் சிரித்தார்கள். தரை திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறது என்றேன். அப்படிச் சொன்னது பொய் இல்லை, நான் தரையைப் பார்த்துச் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் பேச்சு முழுக்க நான் கிளம்புவதைப் பற்றித்தான். மாத்திரை, தண்ணீர் பாட்டில், ஜன்னல் சீட்டு என்று கலை சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டே, "அத்தை, எப்ப திரும்பி வருவீங்க?" என்றாள்.

மல்லாட்டை ஆய எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எத்தனை நாளுக்கு என்னை விட மாட்டீர்கள் என்பதையும் ஓரளவு யூகிக்க முடிகிறது. இருந்தாலும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றேன்.

அவளுக்கு அது போதவில்லை. அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து மறுபடியும் கேட்டாள். துணி மடிக்கும்போது ஒரு தடவை கேட்டாள். இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து செல்வகுமார் குரலும் சேர்ந்துகொண்டது, "அம்மா, சொல்லும்மா, எப்ப வருவே?"

இன்னும் ஒரு தடவை கேட்கட்டும் என்று பேசாமல் இருக்கிறேன் அண்ணி.

அஞ்சம்மாள்